ஓபியில் ஆறு நிமிடம்: நோயாளியிடம் பேசும் முறையை எங்கிருந்து திருத்துவது?

மாலை_ஓபி:

வணக்கம். பொது மருத்துவம், சென்னை. காலையில் தனியார் மருத்துவமனை வார்டு, மாலையில் கிளினிக். மாலை மூன்று மணி நேரத்தில் 30 டோக்கன். ஆளுக்கு ஆறு நிமிடம்தான் வருகிறது.

மருந்து, நோயறிதல் பற்றிய கேள்வி இல்லை இது. பேச்சைப் பற்றியது. மாட்டிக்கொள்ளும் இடங்களைச் சொல்கிறேன். எல்லாம் எழுதி முடித்து நோயாளி எழுந்து கதவு வரை போனதும், "இன்னொண்ணு டாக்டர், ரெண்டு வாரமா நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்று திரும்புகிறார். எவ்வளவு விளக்கினாலும் அடுத்த மாதம் மாத்திரையை மாற்றிச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். வார்டில் ரிப்போர்ட் மோசமாக வந்தால், நோயாளிக்கு முன்பே மகன் வந்து "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்கிறார். இரவு வீட்டுக்குப் போகும்போது யாரிடமும் ஒரு வார்த்தை பேச மனசு வருவதில்லை. இந்த வேலையைத் தேர்ந்தெடுத்த காரணமே மங்கிப்போகிறது.

ஊக்கப் பேச்சு வேண்டாம், தயவுசெய்து. என்ன வாக்கியம், எந்த நேரத்தில், ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லக்கூடிய வாக்கியங்களாக இருந்தால் நல்லது. கடைசியில் சொன்னது பர்ன் அவுட்டா (வேலை அழுத்தத்தில் உள்ளே வற்றிப்போவது), வெறும் களைப்பா என்பதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்றும் தெரிய வேண்டும்.

---

குரோம்பேட்டை_ஜிபி:

டாக்டர், கதவருகே வரும் "இன்னொண்ணு", மாற்றிச் சாப்பிடும் மாத்திரை, இரண்டுக்கும் ஆறு நிமிடத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. முதல் ஒன்றரை நிமிடத்தையும் கடைசி ஒரு நிமிடத்தையும் மாற்றினால் போதும். நடுவில் நீங்கள் செய்வது அப்படியே இருக்கலாம்.

முதலில் ஆரம்பம். 1984-இல் அமெரிக்காவில் பெக்மேன், ஃப்ராங்கெல் இருவரும் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கே புகுந்துவிட்டார். குறுக்கிடாவிட்டால் என்ன ஆகும் என்று 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாசெலில் பார்த்தார்கள். 335 நோயாளிகள், பெரும்பாலும் சிக்கலான கேஸ்கள். அவர்களாகவே பேசி நிறுத்தச் சராசரியாக ஆனது 92 விநாடி. 78 சதவீதம் பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். விட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள் என்ற நம் பயத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு.

நடைமுறையில்: நோயாளி உட்கார்ந்ததும் ஓபி சீட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வயதுக்குத் தக்கபடி அம்மா, ஐயா, தம்பி எதுவோ அது. பிறகு பேனாவைக் கீழே வையுங்கள், விசைப்பலகையிலிருந்து கையை எடுங்கள். "சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?" அதன் பிறகு ஒன்றரை நிமிடம் "ம்", "அப்புறம்?" மட்டும். "எத்தனை நாளா?" என்று நடுவில் கேட்டால் பேச்சு உங்கள் கைக்கு வந்துவிடும். அதன் பிறகு அவர் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வார்.

அவர் நிறுத்தியதும் உடனே பரிசோதனைக்குப் போகக் கூடாது. இங்கேதான் கதவருகே வரும் "இன்னொண்ணு"க்கு மருந்து இருக்கிறது. "முழங்கால் வலி, தூக்கம் இல்ல. இது ரெண்டும் குறிச்சுக்கிட்டேன். வேற என்னல்லாம் கேட்கணும்னு நினைச்சு வந்தீங்க?" என்று கேளுங்கள். "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டால் "இல்லீங்க"தான் வரும். அந்தக் கேள்வி அதைத்தான் எதிர்பார்க்கிறது. அவர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ சொல்வதில்தான் பல நேரம் வந்த காரணமே இருக்கும். மூலம், வெள்ளைப்படுதல், தாம்பத்தியப் பிரச்சினை, குடி இதெல்லாம் முதல் வாக்கியத்தில் வராது. கூட வந்தவர் பக்கத்தில் இருந்தால் வரவே வராது. பரிசோதனைக்காகத் திரைக்குப் பின்னால் போகும் அந்த இரண்டு நிமிடம் தனிமை கிடைக்கும். கேட்க வேண்டியதை அங்கே கேளுங்கள்.

பட்டியலில் ஐந்து இருந்தால் ஐந்தையும் இன்றே பார்க்க முடியாது. அதை வெளிப்படையாகச் சொல்லலாம்: "நெஞ்சு விஷயம் இன்னைக்கே பார்த்தாகணும். முழங்காலையும் பார்த்துடலாம். தூக்கத்துக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேசணும், அடுத்த வியாழக்கிழமை அதுக்குன்னே வாங்க." தேதி சொல்லாமல் "அப்புறம் பார்க்கலாம்" என்றால் தட்டிக்கழிப்பதாகத்தான் படும்.

அடுத்தது மாத்திரை. "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். டாக்டர் முன்னால் புரியவில்லை என்று சொல்ல நம் ஊரில் அநேகம் பேருக்குக் கூச்சம். தலையாட்டி "சரிங்க டாக்டர்" என்பார்கள். திருப்பிச் சொல்ல வையுங்கள், ஆனால் பரீட்சை போல ஒலிக்கக் கூடாது. பொறுப்பை நம் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்: "நான் சரியா சொன்னேனான்னு பார்த்துக்கறேன். வீட்டுல கேட்டா எப்படிச் சாப்பிடணும்னு சொல்வீங்க?"

தைராய்டு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில், காப்பிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி. இதைச் சொன்னதும் எல்லாரும் தலையாட்டுவார்கள். "காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன பண்ணுவீங்க, வரிசையா சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பல் தேய்ப்பார், பால் காய்ச்சுவார், டிகாஷன் இறக்கிக் காப்பி குடிப்பார், பேப்பர் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் மாத்திரை டப்பா வரும். அவரைப் பொறுத்தவரை டிபன் சாப்பிடாத வரைக்கும் வெறும் வயிறுதான். தலைமாட்டில் தண்ணீரோடு மாத்திரையை வைத்துக்கொள்ளச் சொன்னால் டோஸை ஏற்றாமலேயே டிஎஸ்ஹெச் (ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் தைராய்டு அளவு) இறங்க வாய்ப்பு உண்டு.

அதே போல் 1-0-1, அதாவது காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று எழுதும்போது ஆளைப் பாருங்கள். ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனிக்கு நைட் ஷிஃப்ட் போகிறவருக்குக் காலை என்பது தூங்கப் போகும் நேரம். "நீங்க எப்போ சாப்பிடுவீங்க, எப்போ தூங்குவீங்க?" என்று கேட்டுவிட்டு அதற்கு ஏற்ப எழுத வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய நோயாளிகளிடம், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் பையோடு எடுத்துவரச் சொல்லுங்கள். கடையில் ஐந்தும் ஆறுமாகக் கத்தரித்துக் கொடுத்த துண்டு ஸ்ட்ரிப்பில் பெயர் இருக்கும் பக்கம் போயிருக்கும், நிறத்தை வைத்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருப்பதும் அப்போதுதான் தெரியவரும்.

கணக்குப் போட்டால்: கேட்பது ஒன்றரை நிமிடம், பட்டியல் அரை நிமிடம், பரிசோதனை இரண்டு, விளக்கம் ஒன்று, திருப்பிச் சொல்ல வைப்பது ஒன்று. ஆறு. முதல் இரண்டு வாரம் இது ஏழெட்டு நிமிடம் ஆகும், டோக்கன் தேங்கும். அப்போது விட்டுவிடாதீர்கள். பழக்கம் ஆனதும் கதவருகே போகும் நேரமும் மறுபடி விளக்கும் நேரமும் மிச்சமாகும்.

---

வலிநிவாரணப்_பிரிவு:

"அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்பதற்குத் தனியாக எழுதுகிறேன். மருத்துவரை அதிகம் அரித்துத் தின்பது இதுதான். தினமும் அறைக்குள் போய்ப் பாதி மறைத்துப் பேசிவிட்டு வருவது யாருக்கும் நிம்மதி தராது.

கெட்ட செய்தி சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறை இருக்கிறது. 2000-இல் வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மேன் முதலான புற்றுநோய்த் துறையினர் வெளியிட்டது. இடத்தை ஏற்பாடு செய்வது, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, செய்தியைச் சொல்வது, உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்த வழியைப் பேசுவது. நம் ஊரில் பெரும்பாலும் நேரே நான்காவது படிக்குத் தாவி, ஆறாவதில் போய் நிற்கிறோம். இரண்டாவதும் மூன்றாவதும்தான் இங்கே அதிகம் தேவைப்படுபவை. மகன் கேட்கும் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

மகன் வந்து கேட்கும்போது உடனே "அது முடியாது, சட்டம் அப்படி" என்று சொன்னால் அவர் எதிரியாகிவிடுவார். "சரி" என்று ஒப்புக்கொண்டால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டும் வேண்டாம். அவரைத் தனியாக உட்கார வைத்து, "சொன்னா அப்பாவுக்கு என்ன ஆகும்னு பயப்படறீங்க?" என்று கேளுங்கள். "உடைஞ்சு போயிடுவாரு", "சாப்பாட்டை விட்டுடுவாரு" என்பார். அதை மறுக்காதீர்கள். "அப்பா மேல இருக்கற பாசத்துலதான் கேட்கறீங்க, தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்வி: "அப்பா இதுவரைக்கும் உங்ககிட்ட என்ன கேட்டிருக்காரு?" அநேகமாக ஏதாவது கேட்டிருப்பார். தனக்குள் சந்தேகம் இருப்பதை வீட்டாரிடம் காட்டாமல் அவரும் மறைத்துக்கொண்டிருப்பார்.

பிறகு உங்கள் எல்லையைச் சொல்லுங்கள்: "நானாப் போய் எல்லாத்தையும் கொட்ட மாட்டேன். ஆனா அவரே என்னைக் கேட்டார்னா பொய் சொல்ல மாட்டேன். முதல்ல அவருக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு கேட்கப் போறேன், நீங்களும் பக்கத்துல இருங்க." இதற்கு ஒப்புக்கொள்ளாத மகன்கள் குறைவு.

நோயாளியிடம் கேட்கும் வாக்கியம் இப்படி இருக்கலாம்: "ஐயா, டெஸ்ட் ரிப்போர்ட்டெல்லாம் வந்திருக்கு. சில பேருக்கு எல்லா விவரமும் தானே தெரிஞ்சுக்கணும். சில பேர், பையன்கிட்ட பேசிக்கோங்கம்பாங்க. உங்களுக்கு எப்படி?" "பையன்கிட்ட பேசுங்க" என்று அவரே சொன்னால் அது அவருடைய முடிவு. கேஸ் ஷீட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். மறு வாரம் திரும்பக் கேளுங்கள், மனசு மாறும். ஆனால் அறுவை சிகிச்சை, கீமோ என்று வரும்போது சுயநினைவோடு இருக்கும் நோயாளியின் ஒப்புதல்தான் வேண்டும். சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உறவினர் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

"தெரிஞ்சுக்கணும்" என்றால் முதலில் ஒரு முன்னறிவிப்பு: "நாம எதிர்பார்த்ததை விடக் கொஞ்சம் கவலைப்படற மாதிரி இருக்கு." நிறுத்துங்கள். அவர் உங்களைப் பார்க்கும் வரை காத்திருங்கள். பிறகு ஒரே வாக்கியம்: "நுரையீரல்ல இருக்கற கட்டி புற்றுநோய்க் கட்டி." மறுபடியும் நிறுத்துங்கள். இந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் பெரும்பாலானோர் உடனே கீமோ, செலவு, காப்பீடு என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் சொல்வது எதுவும் காதில் ஏறாது. அழுதால் டிஷ்யூவை நீட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். பத்து விநாடி நீளமாகத் தெரியும், இருக்கட்டும். "இப்படி ஒரு செய்தியை எதிர்பார்த்திருக்க மாட்டீங்க" என்று அவர் நிலையைச் சொல்லுங்கள். "கவலைப்படாதீங்க" என்பது அவர் வாயை அடைத்துவிடும்.

சென்னையில் இன்னொரு சங்கதி. நோயின் பெயரைச் சொல்லாமல் "அடையாறுக்கு எழுதித் தரேன்" என்றாலே நோயாளிக்குப் புரிந்துவிடும். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் இடம் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். மறைத்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அவரோ விஷயத்தை ஊகித்துவிட்டு, வாய்விட்டுக் கேட்க ஆளில்லாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார். சீட்டு எழுதும் முன் பேசிவிடுங்கள்.

வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும். கூட வந்த மருமகனை மொழிபெயர்க்க வைத்தால் "புற்றுநோய்" என்பது பாதி வழியில் காணாமல் போகும். மருத்துவமனை ஆளை வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லுங்கள், கண் நோயாளி மேலேயே இருக்கட்டும்.

---

அரசு_பணி_சென்னை:

மேலே ரெண்டு பேர் எழுதினதும் நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். 2017-ல 67 நாட்டுக் கணக்கைத் தொகுத்து ஒரு ஆய்வு வந்துச்சு. ஸ்வீடன்ல ஒரு நோயாளிக்கு இருபத்திரண்டரை நிமிஷம், பங்களாதேஷ்ல 48 விநாடி. உலக மக்கள்தொகையில பாதிப் பேர் வாழற 18 நாடுகள்ல அஞ்சு நிமிஷமோ அதுக்கும் கீழயோதான். அரசு ஓபியில ஒன்றரை நிமிஷம் கேட்டாலே அடுத்த ஆள் கதவைத் தட்டுவாங்க. பேசத் தெரியாததால டாக்டர் களைச்சுப் போறார்ங்கற மாதிரி ஆக்கிடக் கூடாது. டூட்டி நேரம், ஆள் பற்றாக்குறை, கம்ப்யூட்டர்ல ஏத்தற வேலை, இதெல்லாம் நிர்வாகம் சரி பண்ண வேண்டியது. அதுக்குச் சங்கம் மூலமாக் குரல் கொடுக்கறதும் இதே அளவு முக்கியம்.

ரெண்டு நிமிஷ ஓபியில எது மிஞ்சும்னு கேட்டா: முகத்தைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிடறது, முதல் அரை நிமிஷம் குறுக்கிடாம இருக்கறது, ஒரே ஒரு விஷயத்தைத் திருப்பிச் சொல்ல வைக்கறது. எந்த ஒண்ணுன்னா, தப்பாச் செஞ்சா ஆளையே கவுத்துடற ஒண்ணு. இன்சுலின், ரத்தம் உறையாம இருக்கத் தர்ற வார்ஃபரின், மூட்டுவாதத்துக்கு வாரத்துக்கு ஒரு தடவை போடற மெத்தோட்ரெக்ஸேட். தினம் போடற ஃபோலிக் ஆசிட்டோட மாத்தி, மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினம் போட்டுட்டா ரத்த அணு சரிஞ்சு ஐசியூவுக்குத்தான் வருவாங்க. "எந்தக் கிழமை?"ன்னு அவங்க வாயால சொல்ல வைங்க, சீட்டுல கிழமையைத் தமிழ்ல எழுதுங்க. மத்ததை மருந்து கொடுக்கற இடத்துலயும் சிஸ்டர்கிட்டயும் பிரிச்சு விடுங்க.

---

மனநலம்_சென்னை:

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன்.

அரசுப் பணி டாக்டர் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் பர்ன் அவுட்டை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் ஐசிடி-11 என்ற தன் வகைப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. பர்ன் அவுட்டை அளக்க உளவியலாளர் மாஸ்லாக் உருவாக்கிய அளவுகோல் மூன்று திசையில் பார்க்கிறது: உணர்வு வற்றிப்போவது, நோயாளியை மனிதராகப் பார்க்காமல் "7-ஆம் பெட் லிவர்" என்று பார்க்கத் தொடங்குவது, செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது. களைப்பு மட்டும் இருந்து இரண்டு நாள் தூங்கினால் தெளிகிறது என்றால் அது களைப்பு. ஓய்வுக்குப் பிறகும் திங்கட்கிழமை காலை அடுத்த நோயாளியின் மேல் எரிச்சல் வருகிறது என்றால் இரண்டாவது திசை தொடங்கிவிட்டது.

மனச்சோர்வு வேறு. பர்ன் அவுட் பெரும்பாலும் வேலையைச் சுற்றி இருக்கும். பிடித்த பாட்டும் ருசிக்கவில்லை, குழந்தை ஓடிவந்தாலும் உள்ளே எதுவும் அசையவில்லை, விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, குற்ற உணர்ச்சி அரிக்கிறது, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வேலை செய்யும் மருத்துவமனைக்கு வெளியே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், அப்போதுதான் மனம் திறக்கும். தனக்குத் தானே அல்ப்ரஸோலம், ஸோல்பிடெம் போன்ற பதற்ற, தூக்க மாத்திரைகளை எழுதிக்கொள்வதை இன்றே நிறுத்துங்கள். தூக்கம் வந்துவிடுவதால் நோய் மறைந்தே கிடக்கும், மாத்திரைக்கும் அடிமையாக நேரும். உயிரை விடும் எண்ணம் எட்டிப்பார்த்தால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சென்னையிலேயே 1986 முதல் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது. மருத்துவர் என்பதால் கூப்பிடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

வேலையில் அர்த்தம் திரும்ப வருவதைப் பற்றி உருப்படியான ஒரு தகவல் உண்டு. 2009-இல் ஷானஃபெல்ட் குழுவினர் அமெரிக்காவில் ஒரு கல்வி மருத்துவமனையின் மருத்துவர்களிடம், உங்கள் வேலையில் உங்களுக்கு மிக அர்த்தமுள்ள பகுதி எது, அதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று கேட்டார்கள். 20 சதவீதத்துக்கும் குறைவாகக் கிடைத்தவர்களில் 53.8 சதவீதம் பேருக்குப் பர்ன் அவுட். அதற்கு மேல் கிடைத்தவர்களில் 29.9 சதவீதம். இது காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு அல்ல. ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு என்பது எட்டக்கூடிய இலக்கு. உங்களுக்கு எது என்று முதலில் எழுதிப் பாருங்கள். பிஜிக்கு (முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு) சொல்லிக்கொடுப்பதா, சர்க்கரை நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பதா, சிக்கலான நோயறிதலா? ஆறு மாலைகளில் ஒன்றை அதற்கென்று ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். டோக்கனைப் பாதியாக்கி, தொடர் நோயாளிகளுக்கு மட்டும் ஒரு மாலை. வருமானம் கொஞ்சம் குறையும், அதைக் கணக்கில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அடுத்தது பாலின்ட் குழு. 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் பொது மருத்துவர்களுக்காகத் தொடங்கிய முறை. எட்டுப் பேர் போதும், பத்துக்கு மேல் வேண்டாம். மாதம் ஒரு முறையோ இரு முறையோ, ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஒருவர் மனதைவிட்டு அகலாத ஒரு நோயாளியைப் பற்றிக் குறிப்பு எதுவும் பார்க்காமல் ஐந்து நிமிடம் பேசுவார். மற்றவர்கள் தகவலுக்காக இரண்டு மூன்று கேள்வி கேட்கலாம். பிறகு பேசியவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டு வாய் திறக்காமல் கேட்பார். அந்த நோயாளிக்கு உள்ளே என்ன ஓடியிருக்கும், இந்த டாக்டருக்கு என்ன ஓடியிருக்கும் என்று மற்றவர்கள் யோசிப்பார்கள். கடைசியில் அவர் திரும்பச் சேர்ந்துகொள்வார்.

இது கெட்டுப்போகும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். யாராவது "எக்கோ எடுத்தீங்களா?" என்று ஆரம்பித்தால் அது கேஸ் டிஸ்கஷன் ஆகிவிடும். சீஃபும் அவரிடம் படிக்கும் பிஜியும் ஒரே குழுவில் இருந்தால் யாரும் உண்மை பேச மாட்டார்கள். அறிவுரை சொல்ல ஆரம்பிப்பதைத் தடுத்து நிறுத்த ஒரு வழிநடத்துபவர் வேண்டும், மனநலத் துறையினர் கிடைத்தால் நல்லது. நோயாளியின் பெயர், ஊர் வெளியே வரக் கூடாது. வாட்ஸ்அப்பில் இதை நடத்தவே முடியாது.

---

மாலை_ஓபி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு சந்தேகம். வார்டிலும் ஐசியூ வாசலிலும் அட்டெண்டர்கள், அதாவது நோயாளியோடு வந்தவர்கள், கோபமாகக் கூட்டமாக வரும்போது என்ன செய்வது? இன்னொன்று, இந்த வாக்கியங்களை எப்படிப் பழகுவது? படித்தால் சுலபமாகத் தெரிகிறது, ஆள் முன்னால் வரும்போது பழைய பேச்சுதான் வருகிறது.

---

காசுவால்டி_நைட்:

கோபத்துக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இருக்கும், அங்கதான் வேலை. வாசலில் நிற்கிறவர்களுக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. ஐசியூ தகவலுக்கு இரண்டு நேரம் நிர்ணயம் செய்யுங்கள், காலை 11, மாலை 5 என்பது போல. குடும்பத்தில் பேசுவதற்கு ஒருவர், அவர் பெயரும் செல் நம்பரும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில். என்ன சொன்னோம் என்பதை இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். காலையில் டியூட்டி டாக்டர் "பரவாயில்லை" என்று சொல்லி, மாலையில் சீஃப் "ரொம்ப சீரியஸ்" என்றால், நடுவில் நீங்கள் ஏதோ தவறு செய்துவிட்டீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வென்டிலேட்டரில் இருப்பவரை "ஸ்டேபிள்" என்று சொல்லாதீர்கள். "நேத்து எவ்வளவு ஆபத்தா இருந்தாரோ இன்னைக்கும் அப்படியேதான் இருக்காரு, கூடவும் இல்ல குறையவும் இல்ல" என்று சொல்லுங்கள்.

கூட்டமாக வந்துவிட்டால் பெரியவராகத் தெரிகிறவரைப் பார்த்து, "அண்ணே, உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்றேன், நீங்களும் இன்னொருத்தரும் வாங்க, உட்கார்ந்து பேசலாம்" என்று பிரித்து அழைத்துப் போங்கள். நின்றுகொண்டு பேசினால் குரல் ஏறிக்கொண்டே போகும். முதலில் அவர் கொட்டட்டும். "நாலு மணி நேரமா யாரும் எதுவும் சொல்லலன்னா யாருக்கும் கோபம் வரும்தான்" என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. தன்னிலை விளக்கத்தை அப்போது ஆரம்பிக்காதீர்கள். கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் அவர்கள் இருக்கும்படி உட்காராதீர்கள், ஒரு சிஸ்டரோ செக்யூரிட்டியோ கண் பார்வையில் இருக்கட்டும். கை ஓங்கப்பட்டால் பேச்சு முடிந்தது, வெளியேறுங்கள். 2024 நவம்பரில் கிண்டியில் பணியில் இருந்த மருத்துவரே கத்தியால் குத்தப்பட்டார். எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அது பாதுகாப்புக்கு மாற்று இல்லை. மருத்துவமனை வன்முறைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் இருக்கிறது, புகாரை எழுத்தில் நிர்வாகம் கொடுக்க வேண்டும்.

மரணத்தைச் சொல்லும்போது சுற்றி வளைக்க வேண்டாம். "எங்களால ஆனதெல்லாம் செஞ்சோம். அம்மா இறந்துட்டாங்க." பிறகு பேசாமல் நில்லுங்கள். "கை மீறிப் போச்சு" என்றால், இன்னும் உயிர் இருக்கிறது என்று நினைத்து வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கேட்பவர்கள் உண்டு. பில் பற்றி அதே மருத்துவர் அதே இடத்தில் பேசவே கூடாது.

---

குரோம்பேட்டை_ஜிபி:

பழகும் விதம் கேட்டீர்கள். 2019-இல் சேர்ந்த எம்பிபிஎஸ் மாணவர்களிலிருந்து ஏட்காம் (மனப்பாங்கு, நெறிமுறை, பேச்சு பற்றிய பயிற்சி) பாடம் கட்டாயம். அதற்கு முன் படித்தவர்களுக்கு இதை யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை, அதனால் பழைய பேச்சு திரும்ப வருவது இயல்பு.

இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு பழக்கம். முதலில் குறுக்கிடாமல் இருப்பது மட்டும். எல்லா நோயாளியிடமும் வேண்டாம், ஒவ்வொரு மாலையும் முதல் ஐந்து டோக்கனுக்கு. அப்போது மனம் புதிதாக இருக்கும். வாக்கியத்தை உங்கள் வாய்க்கு வரும் மாதிரி மாற்றி எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். மேலே நாங்கள் எழுதியதை அப்படியே ஒப்பித்தால் செயற்கையாகத்தான் இருக்கும். கோவைக்காரர் ஒரு மாதிரி கேட்பார், வடசென்னைக்காரர் வேறு மாதிரி கேட்பார்.

வாரம் ஒரு சந்திப்பை நோயாளியின் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்யுங்கள். "நான் சரியாப் பேசறேனான்னு தெரிஞ்சுக்க மட்டும்தான், கேட்டுட்டு அழிச்சுடுவேன், வேண்டாம்னா வேண்டாம்" என்று சொல்லிக் கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். உடல் பரிசோதனை வரும்போது பதிவை நிறுத்திவிடுங்கள். அன்றிரவே கேட்டுவிட வேண்டும். எத்தனையாவது விநாடியில் குறுக்கிட்டீர்கள் என்று குறியுங்கள். "பயமா இருக்கு டாக்டர்" மாதிரி ஒரு சொல் வந்தபோது அடுத்து உங்கள் வாயில் வந்தது என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் "பசி எடுக்குதா?" என்பது போல அடுத்த கேள்விக்குத் தாவியிருப்போம். அந்த இடத்தில் "எதை நினைச்சு பயமா இருக்கு?" என்று கேட்டிருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் இதே வலியோடு போன மாதம் இறந்த செய்தி வந்திருக்கும். கேட்டு முடித்ததும் போனிலிருந்தும் தானாகச் சேமிக்கும் இடத்திலிருந்தும் அழித்துவிடுங்கள்.

இரண்டு நோயாளிக்கு நடுவில் கை சுத்தம் செய்யும் 20 முதல் 30 விநாடி உங்களுக்குச் சொந்தமானது. அடுத்த சீட்டை அப்போது பார்க்காதீர்கள். கையைத் தேய்த்து முடிக்கும் வரை முந்தின ஆளை விடுங்கள், மூச்சைக் கவனியுங்கள், அதன் பிறகு மணி அடியுங்கள்.